இங்கிலீஷ் ஓப்பனிங்: சொந்த ஆட்டத்தை அலசும்போது சிக்கும் இடங்களும் அவிழ்க்கும் வழிகளும்

சதுரங்கத்தில் வெள்ளை சி-சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி 1.சி4 என்று தொடங்குவதுதான் இங்கிலீஷ் ஓப்பனிங். அதை ஆடுகிறவர்கள் தோற்ற ஆட்டத்தைக் கொண்டுவந்து காட்டும்போது பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான்: "எங்கே தப்பு நடந்தது என்றே தெரியவில்லை." 1.இ4 ஆட்டத்தில் தவறு செய்தால் நான்கைந்து நகர்வுக்குள் எதிராளி அதைக் காட்டிக்கொடுத்துவிடுவார். இங்கிலீஷ் ஓப்பனிங்கில் பத்தாவது நகர்வில் விட்ட குறை இருபத்தைந்தாவது நகர்வில்தான் தலைகாட்டும். காய் பறிபோன நகர்வில் நின்றுகொண்டு தேடினால் விடை கிடைக்காது, பின்னோக்கிப் போக வேண்டும்.

கீழே அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் சில நிமிடத்தில் சரிபார்க்கக்கூடிய காரணம் முதலில் வரும், அதிக உழைப்பு கேட்பது பின்னால் வரும். உங்கள் ஆட்டத்துக்குப் பொருந்தும் தலைப்பை மட்டும் படித்தால் போதும். எல்லாமே வெள்ளைக் காய்களின் பக்கமிருந்து எழுதப்பட்டவை.

எதைத் தேடுவதற்கு முன்பும்

எஞ்சினை, அதாவது நகர்வுகளை மதிப்பிடும் கணினி நிரலை, அணைத்து வையுங்கள். ஆட்டம் முடிந்த அன்றே, நினைவு கலையும் முன், ஒவ்வொரு நகர்வுக்கும் பக்கத்தில் அப்போது என்ன நினைத்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். "பி4 போகலாமா என்று பார்த்தேன், பயந்தேன்", "வேறு எதுவும் தோன்றவில்லை, எச்3 ஆடினேன்" என்று உள்ளதை உள்ளபடி எழுதினால் போதும். கூடவே கடிகார நேரமும் வேண்டும். இணையத்தில் ஆடிய ஆட்டத்தில் அது தானாகவே பதிவாகியிருக்கும். நேரடிப் போட்டியில் ஸ்கோர் ஷீட்டில் நகர்வோடு கடிகார நேரத்தையும் குறித்துக்கொள்ள உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிகள் அனுமதிக்கின்றன.

இதைத் தாண்டிப் போகாதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். எஞ்சின் சொன்னதைப் பார்த்துவிட்ட பிறகு, அப்போது என்ன நினைத்தோம் என்பது மனதில் தானாகவே திருத்தப்பட்டுவிடும். அதன்பின் அந்த ஆட்டத்திலிருந்து உங்கள் குறையைக் கண்டுபிடிக்க முடியாது.

அறிகுறி: எஞ்சின் எந்தக் குறையும் சொல்லவில்லை, ஆனாலும் ஆட்டம் போய்விட்டது

அதிகம் வரும் புகார் இதுதான். முதல் பதினெட்டு நகர்வு வரை, யாருக்கு எவ்வளவு சாதகம் என்று எஞ்சின் காட்டும் மதிப்பீட்டுக் கோடு தட்டையாகக் கிடக்கும், பிறகு ஒரே நகர்வில் சரியும். "ஓப்பனிங் நன்றாகத்தான் ஆடினேன், ஒரே ஒரு தவறில் போய்விட்டது" என்று ஆட்டக்காரர் முடிவுகட்டிவிடுவார்.

முதல் காரணம், எண்ணைத் தவறாகப் படிப்பது. ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சினின் 15.1 பதிப்பிலிருந்து +1.00 என்றால், சம பலமுள்ளவரோடு ஆடும்போது வெல்வதற்கு 50 சதவீத வாய்ப்பு என்று பொருள். 0.0 என்றால் இரு பக்கமும் மிகச் சரியாக ஆடினால் டிராவில் முடியும் என்பது மட்டுமே. அந்த நிலையில் எந்தப் பக்கத்துக்கு ஆட எளிது, எந்தப் பக்கத்துக்குத் திட்டம் தெளிவாக இருக்கிறது என்பதையெல்லாம் அந்த எண் சொல்லாது. எண் அசையாததால் நீங்கள் ஆடியதெல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது காரணம்தான் பெரும்பாலான ஆட்டங்களில் கிடைக்கிறது: செய்திருக்க வேண்டிய சிப்பாய் உடைப்பைச் செய்யவில்லை. எதிராளியின் சிப்பாய் அமைப்பை முட்டித் திறக்கும் நகர்வைத்தான் உடைப்பு என்கிறேன். ஒரு வரிசையை எடுத்துப் பார்ப்போம்.

1.சி4 இ5 2.குதிரை சி3 குதிரை சி6 3.ஜி3 ஜி6 4.பிஷப் ஜி2 பிஷப் ஜி7 5.டி3 டி6 6.குதிரை எஃப்3 குதிரை எஃப்6 7.காஸ்லிங் காஸ்லிங் 8.யானை பி1 ஏ5.

இதுவரை எல்லோரும் ஆடிவிடுவார்கள். யானையை ஏன் பி1-க்குக் கொண்டுவந்தோம்? பி4 தள்ளத்தான். கருப்பு ஏ5 ஆடியதும் அதைத் தடுக்கத்தான். ஆகவே 9.ஏ3, பிறகு 10.பி4, ஏ-சிப்பாய்களை வெட்டிக்கொண்ட பின் பி5 என்று போய்ச் சி6 குதிரையை விரட்ட வேண்டும். குதிரை விலகியதும் ஜி2 பிஷப்பின் மூலைவிட்டத்தில் கருப்புக்கு இருந்த பெரிய தடுப்பு போய்விடும். பிறகு உங்கள் எஃப்3 குதிரையை டி2-க்கு நகர்த்தினால் பி7 சிப்பாய் நேரடித் தாக்குதலில் வந்து நிற்கும். வெள்ளையின் ஆட்டமே இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

தோற்ற ஆட்டங்களில் பெரும்பாலும் இருப்பது வேறு: 9.பிஷப் டி2, 10.ராணி சி1, 11.எச்3, 12.ராஜா எச்2. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நல்ல நகர்வுபோலத்தான் தெரியும், எஞ்சினும் பெரிதாகக் கோபித்துக்கொள்ளாது. அதற்குள் கருப்பு எஃப்6 குதிரையை விலக்கி, எஃப்5, எஃப்4 என்று சிப்பாயைத் தள்ளி உங்கள் ராஜாவின் வாசலுக்கு வந்துவிடும். இருபத்திரண்டாவது நகர்வில் காய் போவது இதன் விளைவுதான்.

சரிபார்க்கும் முறை: எட்டாவது நகர்விலிருந்து ஒவ்வொன்றாகப் போய், "இப்போது எனக்குக் கிடைக்கும் உடைப்பு எது? எதிராளிக்கு எது?" என்று இரண்டு கேள்வியை மட்டும் கேளுங்கள். கருப்புச் சிப்பாய் இ5-இல் இருந்தால் உங்களுடையது பெரும்பாலும் பி4-பி5, பின்னால் சி5. கருப்பும் சி5 ஆடிய சமச்சீர் அமைப்பில் டி4 அல்லது பி4. நீங்கள் சி4, டி3, இ4 என்று சிப்பாய்களை நிறுத்தும் போட்வின்னிக் அமைப்பில் எஃப்4. உங்கள் உடைப்பு சாத்தியமாக இருந்தும் நீங்கள் வேறு எதையோ ஆடிய முதல் நகர்வைச் சிவப்பால் குறியுங்கள். அங்கே நீங்கள் எழுதிவைத்த ஒரு வரியைப் படியுங்கள். "வேறு எதுவும் தோன்றவில்லை" என்று இருந்தால் கோளாறு கிடைத்துவிட்டது.

மூன்றாவது காரணம், ஓப்பனிங்குக்கும் தோல்விக்கும் தொடர்பே இல்லாமல் இருப்பது. 2024 உலகச் சாம்பியன்ஷிப்பின் 11-வது ஆட்டத்தில் குகேஷ் 1.குதிரை எஃப்3 டி5 2.சி4 டி4 3.பி4 என்று தொடங்கினார். ஓப்பனிங்கைப் பற்றி எவ்வளவோ பேசலாம். ஆனால் ஆட்டத்தை முடித்துவைத்தது 28-வது நகர்வில் டிங் லிரென் ராணியை சி8-க்கு நகர்த்தியதும், குகேஷ் ராணியால் சி6-ஐ வெட்டியதும்தான். உங்கள் ஆட்டத்திலும் அப்படி ஒரு நகர்வு இருந்து, அதற்கு முன் உடைப்புகள் எல்லாம் சரியாகவே நடந்திருந்தால், ஓப்பனிங்கைக் குடைவதை நிறுத்திவிட்டுக் கணக்கிடும் பயிற்சிக்குப் போங்கள். செலவு அதிகம்தான், மாதக்கணக்கில் புதிர்கள் போட வேண்டியிருக்கும். அதற்காக ஓப்பனிங்கின் மேல் பழிபோட்டு அதை மாற்றுவது தவறான சிகிச்சை.

அறிகுறி: ஆறாவது நகர்விலேயே தரவுத்தளத்தில் ஆட்டங்கள் தீர்ந்துபோகின்றன

நீங்கள் புதுமை எதையும் கண்டுபிடித்துவிடவில்லை, தேடிய விதம்தான் பிழை.

நகர்வுகளின் வரிசைப்படி தேடினீர்களா, நிலையின்படி தேடினீர்களா என்று முதலில் பாருங்கள். 1.சி4 குதிரை எஃப்6 2.குதிரை சி3 சி5 3.குதிரை எஃப்3 என்பதும், 1.குதிரை எஃப்3 சி5 2.சி4 குதிரை எஃப்6 3.குதிரை சி3 என்பதும் ஒரே நிலையில்தான் போய் முடிகின்றன. பலகையில் இருக்கும் நிலையைக் கொடுத்துத் தேடினால் இரண்டும் சேர்ந்து வரும்.

அடுத்தது ஈசிஓ குறியீட்டால், அதாவது ஓப்பனிங்குகளை ஏ முதல் இ வரையிலான தொகுதிகளாக வகைப்படுத்தும் குறியீட்டால், வடிகட்டியதால் வரும் குறை. இங்கிலீஷ் ஓப்பனிங்குக்கு உரியவை ஏ10 முதல் ஏ39 வரை. ஆனால் டி4 ஆடியதும் ஆட்டம் டி அல்லது இ தொகுதிக்குத் தாவிவிடும். உங்கள் சொந்த ஆட்டங்களை ஏ குறியீட்டால் மட்டும் பிரித்தெடுத்தால், நீங்கள் சிக்கலில் மாட்டிய ஆட்டங்களே பட்டியலிலிருந்து விடுபட்டுப்போகலாம். முதல் நகர்வு 1.சி4 என்று கொடுத்துப் பிரியுங்கள்.

இரண்டும் உதவவில்லையென்றால் வண்ணத்தைத் திருப்பிப் பாருங்கள். 1.சி4 இ5 2.குதிரை சி3 குதிரை எஃப்6 3.குதிரை எஃப்3 குதிரை சி6 4.ஜி3 டி5 5.சி-சிப்பாயால் டி5 வெட்டு, குதிரையால் டி5 வெட்டு என்பது கருப்பு ஆடும் சிசிலியன் டிராகன் ஓப்பனிங், வண்ணம் மாறி, உங்களுக்கு ஒரு நகர்வு கூடுதலாக. திட்டங்களை அங்கிருந்து கடன் வாங்கலாம், மதிப்பீட்டை வாங்கக்கூடாது. டிராகனை நொறுக்க வெள்ளை செய்யும் ராஜா பக்கத் தாக்குதலை இங்கே கருப்பு செய்யப்போனால் ஒரு நகர்வு பிந்திவிடுகிறது. 2018-இல் லண்டனில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் கார்ல்சன், கருவானாவுக்கு எதிராக 4-வது, 9-வது ஆட்டங்களில் இதே வழியில் வந்தார். முதலாவதில் ஒன்பதாவது நகர்வாக பிஷப்பை டி2-க்கும் இரண்டாவதில் ஜி5-க்கும் கொண்டுபோனார். இரண்டும் டிரா. இரண்டையும் திறந்து உங்கள் ஆட்டத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அறிகுறி: ஆடத் தொடங்கியது இங்கிலீஷ், பத்தாவது நகர்வில் நிற்பது முன்பின் தெரியாத இடம்

எதிராளி உங்களை வேறு ஓப்பனிங்குக்குள் இழுத்துக்கொண்டு போயிருக்கிறார், அல்லது நீங்களே நடந்து போயிருக்கிறீர்கள். இதைப் பெரிய ஆட்டக்காரர்கள் வேண்டுமென்றே செய்வார்கள். 1972-இல் ரெய்க்யவிக்கில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் ஸ்பாஸ்கிக்கு எதிரான 6-வது ஆட்டத்தை ஃபிஷர் 1.சி4 என்றுதான் தொடங்கினார். இ6, குதிரை எஃப்3, டி5, டி4 என்று போய் அது குயின்ஸ் கேம்பிட் மறுப்பாகிவிட்டது, ஃபிஷர் வென்றார். அவர் தெரிந்து போனார். நீங்கள் தெரியாமல் போனீர்களா என்பதுதான் கேள்வி.

சரிபார்ப்பு எளிது. நீங்கள் டி4 ஆடிய நகர்வைக் கண்டுபிடியுங்கள். அங்கே எழுதிவைத்த வரியில் "குயின்ஸ் கேம்பிட்டுக்குப் போகிறேன்" என்றோ "கிங்ஸ் இந்தியனுக்குப் போகிறேன்" என்றோ இருந்தால் பிழை இல்லை, அந்த ஓப்பனிங்கைப் படித்தால் போதும். டி4 சும்மா நல்ல நகர்வாகத் தெரிந்ததால் ஆடியிருந்தால், அடுத்த முறை அதே இடத்தில் ஜி3, பிஷப் ஜி2 என்று இங்கிலீஷுக்குள்ளேயே இருங்கள். கருப்பின் 1...சி6-க்கு 2.இ4 ஆடுகிறவர்களும் கவனிக்க வேண்டும். 2...டி5 வந்ததும் நீங்கள் கேரோ-கான் என்ற வேறு ஓப்பனிங்கை ஆடிக்கொண்டிருக்கிறீர்கள்.

நேரம் அதிகம் கேட்கும் தீர்வு, இங்கிலீஷிலிருந்து வழிமாறக்கூடிய இரண்டு மூன்று டி4 ஓப்பனிங்குகளின் அடிப்படையைக் கற்பது. டி4 பக்கமே போகமாட்டேன் என்கிறவர் இதைத் தள்ளிவைக்கலாம்.

அறிகுறி: கருப்பின் இ4 வந்து குதிரையை விரட்டுகிறது

குதிரையை எஃப்3-க்குச் சீக்கிரம் அனுப்பியதுதான் காரணம். 1.சி4 இ5 2.குதிரை சி3-க்குப் பின் கருப்பு குதிரையை சி6-இல் வைத்திருந்தால் 3.குதிரை எஃப்3-க்கு இ4 ஒன்றும் செய்யாது, சி3 குதிரை அந்தச் சிப்பாயைச் சும்மா வெட்டிக்கொள்ளும். கருப்புக் குதிரை எஃப்6-இல் இருந்தால் இ4 சிப்பாய்க்குக் காவல் இருக்கிறது, உங்கள் குதிரை இடம் தேட வேண்டும். அது தோல்வியல்ல, 4.குதிரை ஜி5 ஆடலாம். ஆனால் அந்தக் குழப்பம் உங்களுக்குப் பிடிக்கவில்லையென்றால் ஜி3, பிஷப் ஜி2 இரண்டையும் முன்னால் ஆடுங்கள், குதிரை பின்னால் வரட்டும். ஐந்து நிமிட வேலை.

அறிகுறி: கருப்புச் சிப்பாய் டி4-இல் வந்து நெருக்குகிறது

1.சி4 இ6 அல்லது 1.குதிரை எஃப்3 டி5 2.சி4 வழியில் ஆடுகிறவர்களுக்கு இது வரும். கருப்பு ஆடும் பெனோனி ஓப்பனிங், வண்ணம் மாறி வருவது இது. பலரும் டி3 ஆடிவிட்டு அந்தச் சிப்பாயை நிரந்தரமாக ஏற்றுக்கொண்டுவிடுகிறார்கள். பிறகு காய்கள் மூன்று வரிசைக்குள் முட்டிக்கொள்ளும்.

ஆட்டத்தில் இ3 எத்தனையாவது நகர்வில் வந்தது என்று பாருங்கள். வரவே இல்லையென்றால் அதுதான் குறை. 2024 உலகச் சாம்பியன்ஷிப்பின் 11, 12-வது ஆட்டங்கள் இரண்டிலுமே கருப்பு டி4 தள்ளியது. குகேஷ் பி4 ஆடி உடனே இ3 ஆடினார். அடுத்த ஆட்டத்தில் வெள்ளை ஆடிய டிங் காஸ்லிங் முடித்ததும் இ3 ஆடினார். இரண்டிலும் வெள்ளை வென்றது. இந்தச் சிக்கலுக்கு இதைவிட நல்ல பாடம் தேட வேண்டியதில்லை.

அறிகுறி: டி4 கட்டத்தில் கருப்புக் குதிரை உட்கார்ந்துவிட்டது

போட்வின்னிக் அமைப்பில் மட்டும் வரும் நோய். சி4-உம் இ4-உம் முன்னே போய்விட்டதால் டி4-ஐக் காக்கச் சிப்பாய் கிடையாது. ஜி1 குதிரையை எங்கே வைத்தீர்கள் என்று பாருங்கள். எஃப்3-இல் வைத்தால் கருப்பு பிஷப் ஜி4 வந்து அதைக் கட்டிப்போட்டு வெட்டும், டி4-ஐப் பார்த்துக்கொண்டிருந்த காவல் போகும், எஃப் சிப்பாயும் நகராது. இ2-இல் வைத்தால் டி4-ஐயும் பார்க்கும், எஃப்4 தள்ளவும் வழி விடும். இந்த அமைப்பில் குதிரை இ2-க்குத்தான் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அறிகுறி: ஜி2 பிஷப் வெட்டப்பட்டதும் ராஜா பக்கம் சரிகிறது

கருப்பு பிஷப் இ6, ராணி டி7 என்று அடுக்கியதும் அடுத்து பிஷப் எச்3 வரும் என்பதைப் பார்த்தீர்களா? எஃப்1 யானையை முன்கூட்டியே இ1 அல்லது டி1-க்கு நகர்த்தியிருந்தால், கருப்பு பிஷப் எச்3-க்கு வந்ததும் உங்கள் பிஷப் எச்1-க்கு ஒதுங்கிக்கொள்ளும், மூலைவிட்டமும் கைவிட்டுப் போகாது. யானை எஃப்1-இலேயே நின்றிருந்தால் ஒதுங்கும்போது அந்த யானை வெட்டுப்படும்.

அறிகுறி: எஞ்சின் வேறு நகர்வைச் சொல்கிறது, ஏன் என்று புரியவில்லை

முதலில் வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். 0.3-க்குள் இருந்தால் விட்டுவிடுங்கள். அந்த அளவுக்கான வேறுபாடு எஞ்சின் இன்னும் ஆழமாகத் தேடும்போது தலைகீழாகவும் மாறும்.

பெரிதாக இருந்தால் ஒரே வரிக்குப் பதில் மூன்று வரிகளைக் காட்டச் சொல்லுங்கள். மூன்றிலும் பி4 ஏதாவது ஓர் இடத்தில் வந்தால், எஞ்சின் சொல்வது குறிப்பிட்ட நகர்வை அல்ல, பி4 திட்டத்தை. பிறகு நீங்கள் ஆடிய நகர்வுக்குப் பின் எதிராளியின் சிறந்த பதிலைப் பலகையில் நீங்களே ஆடிப்பாருங்கள். அடுத்து நீங்கள், மறுபடி எதிராளி என்று மூன்று நான்கு நகர்வு போனால் காரணம் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஒரு நகர்வுக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் செலவிட வேண்டாம். தெரியாமல் போனதைத் தனித்தாளில் குறித்துவையுங்கள், பயிற்சியாளரிடம் போகும்போது அந்தத் தாள் மிகவும் உதவும்.

அறிகுறி: பதினைந்தாவது நகர்வுக்குள் பாதி நேரம் போய்விட்டது

நேரப் பதிவை எடுத்து அதிக நேரம் தின்ற மூன்று நகர்வுகளைக் குறியுங்கள். அவை இரண்டாவது, மூன்றாவது நகர்வாக இருந்தால் வரிசை மனதில் பதியவில்லை. ஒரு மாலை உட்கார்ந்து கருப்பின் 1...இ5, 1...சி5, 1...குதிரை எஃப்6, 1...இ6 நான்குக்கும் முதல் ஐந்து நகர்வை முடிவுசெய்தால் தீரும். ஒன்பது முதல் பதின்மூன்று வரை என்றால் உடைப்பு தெரியாததே காரணம், முதல் அறிகுறிக்குத் திரும்புங்கள். எங்கும் கூடாமல் ஒவ்வொரு நகர்வுக்கும் சமமாக நேரம் போயிருந்தால் அது ஓப்பனிங் சிக்கலே அல்ல, முடிவெடுக்கத் தயங்கும் பழக்கம்.

பயிற்சியாளரை அணுக வேண்டிய கட்டம்

உடைப்பு எது என்று தெரிகிறது, ஆட்டத்தில் அதைச் செய்தும் விடுகிறீர்கள், ஆனாலும் அதன்பின் வரும் நிலையில் திரும்பத் திரும்பத் தோற்கிறீர்கள் என்றால் தனியாகத் தேடுவதை நிறுத்திவிடலாம். உடைப்புக்குப் பின் எந்தக் காயை வெட்டிக்கொள்வது, எதை வைத்துக்கொள்வது என்பதை எஞ்சின் எண்ணாகத்தான் சொல்லும். ஒரு மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து விளக்க வேண்டிய பகுதி அது. தனித்தாளில் குறித்த புரியாத நகர்வுகள் ஒரே வகை நிலையில் குவிந்தாலும் அப்படியே.

போகும்போது எஞ்சின் குறிப்புகளை அழித்துவிட்டு ஆட்டங்களைக் கொடுங்கள். தோற்றதோடு வென்றதும் டிரா ஆனதும் இருக்கட்டும், எல்லாம் ஒரே அமைப்பில் வந்தவையாக இருக்கட்டும். நீங்கள் எழுதிய வரிகளும் கடிகார நேரமும் அப்படியே இருக்க வேண்டும். "இங்கிலீஷ் கற்றுக்கொடுங்கள்" என்று கேட்டால் முதல் நகர்விலிருந்து தொடங்குவார், பல வகுப்புகள் போகும். "பி5 தள்ளிய பின் சி5-க்கு எப்போது போக வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை, இந்த ஆட்டங்களில் பாருங்கள்" என்று கேட்டால் அந்த இடத்துக்கே நேராக வருவார்.

ஓப்பனிங்கையே மாற்றலாமா என்பதை அவரிடம் கேளுங்கள், தோற்ற இரவில் நீங்களாக முடிவுசெய்யாதீர்கள். மாற்றினால் இதுவரை பழகிய சிப்பாய் அமைப்புகளை விட்டுப் புதியவற்றைப் பழக வேண்டும். மேலே சொன்ன எல்லாவற்றிலும் அதிகச் செலவு பிடிக்கும் தீர்வு அதுதான். பயிற்சியாளர் உங்கள் ஆட்டங்களைப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கட்டும் நிலைகளே உங்களுக்கு ஒத்துவரவில்லை என்று காட்டினால் மட்டும் அதற்குப் போங்கள்.